யார் பிள்ளை அழுதாலும்

ரயில் வண்டி இந்தப் பக்கம் எட்டிப் பாக்காத காலம். வெண்ணாத்துக்குத் தெக்கால கொற்றங்குடின்னு ஒரு ஊரு இருந்துச்சாம். பேருதான் ஒண்ணு, ஊரு ரெண்டு. ஆத்தோரம் மேட்டுல ஓட்டு வீடும் கோயிலுமா பெரிய தெரு. வயலுக்கு நடுவுல, மழை பெஞ்சா தண்ணி ஏறுற பள்ளத்துல சேரி. அந்தச் சேரியிலதான் காத்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம். நம்ம வம்சத்துக்கெல்லாம் மூத்தவ அவ.

கறுப்புன்னா அப்படி ஒரு கறுப்பாம் அவ. பெரிய தெரு வேலைக்காரிங்க, "அடியே கருவாச்சி, நீ வந்தா பகல்லயே விளக்கு ஏத்தணும்டி"ன்னு கேலி பண்ணுவாங்களாம். இவ சும்மா இருப்பாளா? "ராத்திரி கறுப்பா இருக்கப் போய்த்தான் நீங்க எல்லாரும் தூங்குறீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டே இருப்பாளாம். அப்படி ஒரு வாய்.

அந்த வாயையும் அடக்குற மாதிரி ஒரு கஷ்டம் வந்துச்சு அவளுக்கு.

அவளுக்கு ஒரு பொம்பளைப் புள்ள பொறந்துச்சு. மாசம் நெறையாம பொறந்த புள்ள. பூனைக்குட்டி மாதிரி இருக்குமாம். செல்லின்னு பேரு வச்சா. கொஞ்சம் குடிக்கும், களைச்சுப் போயி விட்டுடும், மறுபடி கொஞ்சம் குடிக்கும். அடிக்கடி பால் கொடுத்தாத்தான் அந்த உசிரு நிக்கும். அந்த நேரம் பாத்து நடவு வந்துடுச்சு.

அந்தக் காலத்து நடவு எப்படின்னா, விடியறதுக்குள்ள பொம்பளைங்க எல்லாரும் வயல்ல எறங்கிடணும். கைப்புள்ளைங்கள வரப்பு மேல நிக்கிற நாவ மரத்துல வரிசையா தூளி கட்டிப் போட்டுடுவாங்க. எறங்கினவ அந்த வயல் நட்டு முடியிற வரைக்கும் ஏறக்கூடாது. புள்ள அழுதாலும் ஏறக்கூடாது. பண்ணையார் வச்ச காரியக்காரர் சிங்காரம் சாட்டையோட வரப்புல நிப்பாரு. "ஒருத்தி ஏறினா வரிசை கலையும். வரிசை கலைஞ்சா நடவு கெடும்"னு சொல்லுவாரு. மரத்துல புள்ளைங்க கத்தும். கீழ குனிஞ்சு நடுற தாய்மாருக்கு அந்தச் சத்தம் கேட்ட ஒடனே மாரு கட்டிக்கும். பாலு தன்னால ஒழுகும். புள்ள வாய்க்குப் போக வேண்டியது சொட்டு சொட்டா சேத்துல விழும். அந்தச் சேத்துலதான் நாத்த நடுவாங்களாம். ஆண்டவனே, அந்தச் சோத்தத்தான் ஊரே தின்னுச்சு.

பொழுது சாயக் கரையேறிப் போயி தூளியப் பிரிச்சா, செல்லிக்கு உறிஞ்சக்கூட தெம்பு இருக்காதாம். நாளுக்கு நாள் எடை கொறையுது. கையில தூக்கினா துணியத் தூக்குற மாதிரி இருக்கு.

அந்தச் சமயத்துல சேரி ஆம்பளைங்க மாரியம்மன் திடல்ல கூடினாங்களாம். "உழவுல நாம வாங்குற இந்தச் சாட்டையடிய இனித் தாங்க முடியாது. எல்லாரும் ஒண்ணா போயி பண்ணையார்கிட்ட கேட்டுடுவோம்"னு பேச்சு. காத்தாயி புருசன் சன்னாசியும் அங்க இருந்தான். அவன் முதுகு பூரா தழும்பு. வெளியில வாங்கினத சில நாள் வீட்டுல வந்து இவ மேல எறக்கி வைப்பான். அப்புறம் அவனே ஒக்காந்து அழுவான். இவ அவன வெறுக்கல. மஞ்சளும் எண்ணெயும் காச்சி அவன் முதுகுல தடவுவா. தன் முதுகுல தடவிக்கக் கை எட்டாது.

திடலோட ஓரத்துல நின்னுட்டு கேட்டாளாம்.

"மாமா, போறதுதான் போறீங்க. புள்ள அழுதா ஏறிப் பால் கொடுக்கலாம்னு அதையும் சேத்துக் கேளுங்க."

நாட்டாமை பெரியான் நல்ல மனுசந்தான். ஆனா தலையச் சொறிஞ்சாராம். "தாயி, ரெண்டைக் கேட்டா ஒண்ணும் கெடைக்காது. மொதல்ல ஆம்பள முதுகு காயட்டும். அப்புறம் ஒங்க சமாச்சாரம்."

பின்னால ஒருத்தன், "பால் சமாச்சாரத்தப் பண்ணையார் முன்னால எந்த வாயால சொல்றது? நீயே வந்து சொல்லேன் மதினி"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. சன்னாசி தரையப் பாத்தான்.

இவ சொன்னாளாம்: "அடி வாங்குறப்ப நாம எல்லாரும் ஒரு சனம். கேக்கப் போறப்ப மட்டும் நான் பொம்பளையா?"

ஆளாளுக்குத் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு எழுந்துட்டாங்க.

சரி, பொம்பள கஷ்டம் பொம்பளைக்குத் தெரியும்னு நெனச்சா. பண்ணையார் சம்சாரம் ஆச்சிக்கு நாயம் பேசுறவங்கன்னு பேரு. பெரிய தெருப் பொண்ணுங்க நாலெழுத்துப் படிக்கணும்னு புருசன்கிட்ட சண்டை போட்டு ஒரு வாத்தியாரம்மாவையே வரவழைச்ச மகராசி. அவங்க மடியிலயும் அப்ப கைப்புள்ள. செல்லிய மாரோட சேத்துக் கட்டிக்கிட்டு கொல்லைப்பக்கமா போயி, மாட்டுக் கொட்டாய்க்கு அந்தப் பக்கம் எட்ட நின்னா.

"ஆச்சி, நீங்களும் புள்ள பெத்தவங்க. ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும். எம் புள்ள பொழச்சுக்கும்."

ஆச்சி கோவப்படல. அதுதான் கொடுமை. அன்பாத்தான் சொன்னாங்களாம்.

"நான் பொண்ணுங்களுக்காகப் பேசுறேந்தான். அது எங்க தெருப் பொண்ணுங்களுக்கு, காத்தாயி. நாங்க வெயிலு பட்டா மயங்கி விழுவோம். ஒங்களுக்கெல்லாம் இரும்பு ஒடம்பு. ஒங்க புள்ளைங்களும் அப்படித்தான், தாங்கிக்கும். வயல் வேலையில நான் தலையிட்டா நல்லாவா இருக்கும்? இரு, பழஞ்சோறு தரச் சொல்றேன்."

சோத்த வாங்காம திரும்பினாளாம். அவ காலு எங்க போகுதுன்னு அவளுக்கே தெரியல. ஆத்தங்கரையில இருந்த காத்தாயி அம்மன் செலைக்கு முன்னால போயி விழுந்தா. இடுப்புல புள்ளையோட நிக்கிற அம்மன். இவளுக்குப் பேரு கொடுத்தவ.

"ஆத்தா, திடலுக்குப் போனா நீ பொம்பளைங்கிறாங்க, அப்புறம் பாக்கலாங்கிறாங்க. பண்ணை வீட்டுக்குப் போனா நீ சேரிங்கிறாங்க, தாங்கிக்கங்கிறாங்க. ரெண்டும் சேந்துதானே நான்? என்னைய நடுவால அறுத்து எந்தப் பாதியில பால் சுரக்குதுன்னு பாக்கச் சொல்லு. ஒன் இடுப்புப் புள்ளைய எறக்கி வையின்னு ஒன்னைய யாராச்சும் சொன்னாங்களா தாயே?"

மாரோட கெடந்த செல்லி ஒரு தடவ முனகுச்சாம்.

அன்னிக்கிச் சாயங்காலம் வாய்க்கால்ல சேறு கழுவுறப்ப நடவுக்காரிங்ககிட்டயே பேசிப் பாத்தா. "நமக்காக யாரும் கேக்க மாட்டாங்கடி. ஒரு புள்ள அழுதா எல்லாரும் ஏறிடுவோம். எல்லாரையுமா அடிப்பாரு?"

பவுனுன்னு ஒருத்தி, மடியில கொழுகொழுன்னு பையன் வச்சிருக்கிறவ, பட்டுன்னு சொன்னாளாம். "ஒன் வாய்க்கு நாங்க முதுகு கொடுக்கணுமாக்கும்?"

உண்ணாமலைன்னு ஒருத்தி. புள்ள இல்லாதவ. அதனால ஊரே ஒதுக்கி வச்சவ. அவ சொன்னா: "நல்ல காரியத்துக்கு என்னைய யாரும் கூப்புட மாட்டீங்க. அடி வாங்க மட்டும் நான் வேணுமா? எந்தப் புள்ளைக்காக நான் ஏறணும்?"

அவங்கவங்க துணியப் பிழிஞ்சுக்கிட்டுப் போயிட்டாங்க.

மறுநா வெயில் ஏறுற நேரம். மரத்துல ஒரு புள்ள வீல்னு கத்துச்சு. குனிஞ்சிருந்த தாய்மாருக்கெல்லாம் மாரு கட்டிக்கிச்சு. வயலுக்குள்ள நின்னா எது யாரு புள்ளன்னு தெரியாது. எல்லாப் பசிக்கும் ஒரே சத்தந்தான். காத்தாயி கையில இருந்த நாத்து முடிச்ச அப்படியே போட்டுட்டு நடந்தா.

"ஏய்! யாருடி ஏறுறது? அழுவுறது யாரு புள்ள?"

"தெரியலீங்க."

"தெரியாமலா ஏறுற?"

சாட்டை விழுந்துச்சு. இவ நிக்கல. இன்னொண்ணு விழுந்துச்சு. சேத்துக் காலோட வரப்புல ஏறி, மரத்துக்கிட்ட போயிட்டா.

அழுதது செல்லி இல்லீங்க. பவுனு மகன். மொகம் செவக்கச் செவக்க கத்துறான். பக்கத்துத் தூளியில செல்லி சத்தமில்லாம கெடந்தா. இவ தூளிய விரிச்சுப் பாத்தா. தொட்டுப் பாத்தா. நெத்தி குளுந்து போயிருந்துச்சு. எப்ப போச்சுன்னு யாருக்குத் தெரியும்? அழ தெம்பில்லாத புள்ள, ஒருத்தரையும் கூப்புடாம போயிடுச்சு.

காத்தாயி கத்தலையாம். செல்லிய எடுத்து ஒரு கையில அணைச்சுக்கிட்டா. அழுவுற புள்ளைய இன்னொரு கையில எடுத்து, அந்த வரப்பு மேலயே ஒக்காந்து, பால் கொடுத்தாளாம். முதுகுல ரத்தம் ஒழுகுது. இந்தப் பக்கம் உசிரு குடிக்குது. அந்தப் பக்கம் உசிரு இல்ல. பெத்தவ எப்படித் தாங்கினாளோ, அந்தக் காத்தாயி அம்மனுக்குத்தான் தெரியும்.

பவுனு வயல்லேந்து நிமுந்து பாத்தா. தன் மகன் யாரு மடியில இருக்கான்னு பாத்தா. அந்த இன்னொரு கையையும் பாத்தா. "அய்யோ அக்கா"ன்னு ஒரு கூப்பாடு.

ஆனா மொதல்ல ஏறினது அவ இல்ல. உண்ணாமலை.

காரியக்காரர் மறிச்சாரு. "ஒனக்கு ஏதுடி புள்ள?"

"அதோ, அந்தக் கையில ஒண்ணு, இந்தக் கையில ஒண்ணு. கண்ணு தெரியலையா ஒமக்கு?"

சாட்டைய ஓங்கினவரு ஓங்கின கையோட நின்னாராம். ஏன்னா அவ பின்னால பவுனு ஏறுறா. பவுனு பின்னால கெழவிங்க ஏறுறாங்க, கொமரிங்க ஏறுறாங்க. வயல் காலியாப் போச்சு. நாத்து முடிச்செல்லாம் தண்ணியில மெதக்குது. பொம்பளைங்க எல்லாரும் காத்தாயியச் சுத்தி, முதுக வெளியில காட்டி ஒக்காந்துட்டாங்க. அடிக்கணும்னா அந்த முதுகையெல்லாம் தாண்டித்தான் அவளை அடிக்கணும்.

பண்ணையார் வந்தாரு, மெரட்டினாரு. யாரும் எறங்கல. மறுநாளும் ஒரு புள்ள அழுதுச்சு, எல்லாரும் ஏறினாங்க. ஆத்துல தண்ணி ஓடுது, நாத்து முத்துது. நடலன்னா போகம் போச்சு. கடைசியில, ஏறலாம்னு யாரும் வாய் தொறந்து சொல்லல. காரியக்காரர் மொகத்தத் திருப்பிக்கிட்டாரு, அவ்வளவுதான். பெரியான் வந்து, "தாயி, நாங்க தப்பாக் கணக்குப் போட்டுட்டோம்"னாராம். காத்தாயி, "இனிமே கேக்கப் போறப்ப ஒங்க முதுகையும் எங்க மாரையும் ஒரே மூச்சுல கேளுங்க மாமா"ன்னாளாம். சன்னாசி செல்லிக்குக் குழி வெட்டினான். அதுக்கப்புறம் அவ மேல அவன் கை ஓங்கலன்னு சொல்லுவாங்க. நெசமோ என்னவோ.

கொற்றங்குடியில அந்த எடத்துக்குப் பால்வரப்புன்னு இன்னிக்கும் பேரு. நடவு நேரத்துல அங்க ஒரு புள்ள அழுதா, யாரு புள்ளன்னு எந்தப் பொம்பளையும் கேக்க மாட்டா. பெத்தவளும் பெறாதவளும் எல்லாரும் கரையேறிடுவாங்க. ஏறினதும் அழுவுற புள்ளைய மொதல்ல தூக்க மாட்டாங்க. வரிசையா ஒவ்வொரு தூளியா விரிச்சு, அழாம கெடக்குற புள்ளைங்க நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு, அப்புறந்தான் அழுவுற புள்ளைகிட்ட போவாங்களாம்.