டொக்டர் யோகேஸ்வரன் சட்டையைக் கழற்றிய நாள்

இந்த இரங்கல் கூட்டத்தின் தலைவர் வெங்கட்ராமன் அவர்களே, முன்வரிசையில் ஆறாத் துயரோடு அமர்ந்திருக்கும் டொக்டரின் துணைவியார் விமலாதேவி அக்கா அவர்களே, மெரிலேண்ட்ஸ் கிளினிக்கை நம்பி வந்த தமிழ் மக்களே, சிலியிலிருந்தும் உருகுவேயிலிருந்தும் வந்து இந்த நகரில் குடியேறிய சகோதரிகளே, வணக்கம்!

ஒரு நிமிடம் மௌனமாக நிற்கச் சொன்னீர்கள், நின்றேன். இனி என்னால் முடியாது. என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நான் நேர்ஸ் இரஞ்சிதம். டொக்டர் யோகேஸ்வரன் அவர்களோடு ஐந்து வருடம் வேலை செய்தவள். என் குரல் பெரியது, வேண்டுமானால் மைக்கைத் தள்ளி வையுங்கள்.

நமது டொக்டர் எப்படிப்பட்டவர்? கைராசிக்காரர் என்றார்கள், கருணை வள்ளல் என்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால் இந்த மேடையில் ஒருவரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். அவர் விடுப்புப் பார்க்கிற, எதையும் துருவித் துருவிக் கேட்கிற மனிதர்! சந்திக்குச் சந்தி நின்று ஊர்ப்புதினம் கேட்கிறவர்கள்கூட அவரிடம் தோற்றுப்போவார்கள். நோயாளி நாக்கை நீட்டுமுன்னே, காலையில் என்ன சாப்பிட்டாய், யார் சமைத்தது, அதை ஏன் சாப்பிட்டாய் என்று தொடங்கிவிடுவார்.

பிள்ளை பெற்ற சிலி நாட்டுப் பெண்கள் நாற்பது நாள் தலைக்கு வார்க்க மாட்டார்கள், குளிர்ந்தது எதுவும் தொட மாட்டார்கள். இதென்ன அழுக்குப் பழக்கம் என்று வெள்ளைக்கார நேர்ஸ்மார் முகம் சுளித்தார்கள். நம் டொக்டர் என்ன செய்தார்? தான் குறிப்பெழுதும் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இரஞ்சிதம், எங்கட ஆக்களுக்கு முப்பத்தொண்டு நாள். இவையளுக்கு நாற்பது. அந்த ஒன்பது நாள் ஏன் கூட?" அதைக் கேட்டறிய அவர் ஏறி இறங்காத வீடில்லை. கடைசிவரை விடை கிடைக்கவில்லை. ஆனால் போன வீடுகளில் இரத்தம் வற்றிப்போயிருந்த ஏழு தாய்மாரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். புருஷன் தொழிற்சாலையில், தனக்கு ஆங்கிலம் தெரியாது, பக்கத்தில் தாய் இல்லை. இப்படிப்பட்டவள் கிளினிக்குக்கு எப்படி வருவாள்? நாம்தான் போக வேண்டும் என்றார்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், 1976ஆம் ஆண்டுக் குளிர்காலம். ஹில்டா என்ற சிலி நாட்டுத் தாய் தன் இரண்டு வயது மகள் மரிசோலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வயிற்றோட்டம், வாந்தி. டொக்டர் வெளியே ஒரு வீட்டுக்குப் போயிருந்தார். நான் பிள்ளையின் சட்டையைக் கழற்றினேன். ஐயோ! முதுகெலும்பின் இரண்டு பக்கமும் சிவந்தும் நீலம் பாரித்தும் கிள்ளிய அடையாளங்கள்! யார் செய்தது என்று சைகையால் கேட்டேன். தானேதான் என்று ஹில்டா இரண்டு விரலால் கிள்ளிக் காட்டினாள். காட்டிவிட்டுச் சிரித்தாள்.

எனக்குக் கண்மண் தெரியாத கோபம். பெற்ற பிள்ளையை இப்படிக் கிள்ளிவிட்டுச் சிரிக்கிறாளே! ரெலிபோனை எடுத்தேன், குழந்தைநல அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டேன். மூன்று மணிக்கு வருகிறோம் என்றார்கள்.

இரண்டு மணிக்கு டொக்டர் வந்தார். முதலில் பிள்ளைக்கு உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் பருக்கினார். பிறகு முதுகைப் பார்த்தார். கோபம் வரவில்லை அவருக்கு, கண்தான் விரிந்தது. எங்கள் கிளினிக்கில் கூட்டித் துடைக்கிற எலியானாவைக் கூப்பிட்டார். எலியானாவும் சிலி நாட்டுக்காரி, மரிசோலின் ஞானத்தாய், ஆங்கிலமும் தெரியும். அவள் சொன்னாள்: வயிற்றில் சாப்பாடு ஒட்டிக்கொண்டால் முதுகுத்தோலை விரலால் பிடித்து இழுக்க வேண்டும், 'டொக்' என்று சத்தம் கேட்டால் அடைப்பு விட்டுவிடும், எங்கள் ஊரில் தாய்மார் எல்லோரும் செய்வது.

"அப்பிடியோ? எங்க, எனக்கு ஒருக்கா இழுத்துக் காட்டுங்கோ பாப்பம்!"

சட்டையைக் கழற்றிவிட்டு மேசையில் குப்புறப் படுத்துவிட்டார், நமது மதிப்புக்குரிய டொக்டர்! எலியானா இழுத்த இழுவையில் "அம்மாடி!" என்று அவர் கத்தியது வரவேற்பறைவரை கேட்டது. வலி ஒருபக்கம், "சத்தம் கேட்டதோ? சத்தம் கேட்டதோ?" என்ற விசாரணை மறுபக்கம்.

நான் மெல்ல ரெலிபோன் விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"இரஞ்சிதம், உங்கட மகனுக்குக் கண்பட்டு நாவூறு எண்டு செத்தல் மிளகாய் சுத்தி எரிச்சனீங்கள் அல்லோ? புகையைக் கண்டு பக்கத்து பிளாட்காரி தீயணைப்புப் படையைக் கூப்பிட்டவள்."

"ஓம் டொக்டர்."

"வந்தவங்கள் பிள்ளையைக் கொண்டு போனவங்களோ?"

பிறந்த பிள்ளைக்குக் கன்னத்தில் கரும்பொட்டு வைத்த நானா இப்படிச் செய்தேன்? வெள்ளை உடுப்பைப் போட்டதும் என் வீட்டுக் குசினி அடுப்பை நானே மறந்துபோனேனா?

மூன்று மணிக்கு அதிகாரிகள் இருவர் வந்தார்கள். டொக்டர் சட்டையில்லாமல் நின்று, முதலில் தன் முதுகைக் காட்டினார், பிறகு பிள்ளையின் முதுகைக் காட்டினார். அதே அடையாளம்! அவர்கள் திரும்பிப் போனார்கள். மரிசோல் தாயோடு ஆஸ்பத்திரிக்குப் போய், நான்காம் நாள் தாயோடு வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு டொக்டர் தாய்மாருக்குச் சொன்னது ஒன்றுதான்: தோலை மெதுவாக இழுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கே பிள்ளையை இங்கே கொண்டு வாருங்கள். அன்றிலிருந்து அன்றன்றைக்கே வந்தார்கள்.

டொக்டர் முதுகைக் காட்டிய கதை பலருக்குத் தெரியும். தெரியாதது இதுதான். யார் அறிவித்தது என்று ஹில்டா அழுது கேட்டபோது, "நான்தான் பொறுப்பு" என்றார் டொக்டர். பிள்ளையைப் பறிக்கப் பார்த்தவர் அவர் என்றே அவள் மூன்று வருடமாக நம்புகிறாள். கிளினிக்குக்கு வருவாள், என்னிடம் ஊசி போட்டுக்கொள்வாள், அவர் அறைப்பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டாள். உண்மையைச் சொல்கிறேன் என்று நான் எத்தனை தரம் கேட்டேன்! "வேண்டாம் இரஞ்சிதம். உங்களிலை நம்பிக்கை போச்செண்டால் பிள்ளைக்கு ஆர் ஊசி போடுறது? என்னிலை கோவிச்சுக்கொண்டு இருக்கட்டும்." எனக்கும் அது வசதியாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

என் தெய்வமே! ஒரு தாயின் வெறுப்பைச் சுமந்துகொண்டா அந்த மனிதர் போக வேண்டும்?

அவர் எழுதி வைத்த பதினான்கு கொப்பிகள் என்னிடம் இருக்கின்றன. வியாழக்கிழமைத் தாய்மார் கூட்டம் நிற்காது. வீடு வீடாகப் போவது நிற்காது. கேட்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்று இந்தச் சபையில் உறுதி கூறுகிறேன். ஆனால் உறுதிமொழி வாயால் சொன்னால் போதுமா?

ஹில்டா இன்றைக்கு வந்திருக்கிறாள். மூன்றாம் வரிசையில், மரிசோலை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். இவ்வளவு நேரம் நான் பேசியதில் ஒரு சொல்லும் அவளுக்கு விளங்கியிருக்காது. தமிழில் பேசிவிட்டுப் போய்க் கதிரையில் இருந்துவிடலாம், தப்பிவிடலாம். அவளுக்குத் தெரிந்தால் இனிமேல் என் கையால் ஊசி போட விடுவாளோ, விடமாட்டாளோ, தெரியவில்லை.

தலைவர் மன்னிக்க வேண்டும், அடுத்தவரைப் பேச அழையுங்கள். எலியானா, எழும்பி வாங்கோ. நான் அவளிடம் சொல்லப் போகிறேன், ஒரு சொல்லும் குறையாமல் நீங்கள் மொழிபெயர்க்க வேண்டும்.