பிரான்ஸ் டப்பா

— மெதுவா பேசு. அவரு தூங்கல. கண்ண மூடிக்கிட்டுத்தான் கெடப்பாரு, காது இங்கதான் இருக்கும்.

— மமா, பப்பாவால பொரண்டு படுக்கவே முடியலன்னு நீதான போன்ல சொல்லுவ?

— அது போன வருசம். நேத்து பெரிய மார்க்கெட்ல மீன் வாங்கிட்டுத் திரும்புறேன், ரெண்டு கடை தள்ளி நிக்கிறாரு. கூப்பிட்டேன், பேசல. நான் யார்கிட்ட சிரிக்கிறேன்னு பாத்துக்கிட்டே நின்னாரு. குருசுக்குப்பத்து வீட்டுலேர்ந்து நடந்தே வந்திருக்காரு, பொலின்.

பொலின் அன்று காலையில்தான் பிரான்ஸின் துலூஸிலிருந்து புதுச்சேரிக்கு வந்து இறங்கியிருந்தாள். பெட்டியைக்கூட இன்னும் திறக்கவில்லை. அம்மா தெரேஸ் அவளைச் சமையலறைக்குள் இழுத்துவந்து கதவைச் சாத்திவிட்டு, பீன்ஸை விரலால் ஒடித்துக்கொண்டிருந்தாள். ஒரே அளவில் நறுக்கினால்தான் அம்மாவுக்குப் பிடிக்கும். இப்போது கோணலும் மாணலுமாகத் துண்டுகள் தட்டில் விழுந்தன.

— கத்தி எங்க?

— அவரு தலகாணிக்கடியில. எல்லாக் கத்தியும் அங்கதான். தேங்கா துருவுறதக்கூட விடல.

பொலினின் அப்பா ரெனே பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவரை இன்றைக்கும் ‘சொல்தா’, அதாவது சிப்பாய் என்றுதான் சொல்வார்கள்; ‘அப்போ’ என்பதற்கு ‘அலோர்’ என்று பிரெஞ்சில் சொல்லித்தான் அவரும் பேச்சைத் தொடங்குவார். ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் காப்பித் தம்ளர் அவர் வலது கையில் தானாக ஆட ஆரம்பித்தது. பார்க்கின்சன் என்றார்கள். மாத்திரை ஆரம்பித்த பிறகு ஓரளவு சமாளித்துவந்தார். இந்தக் கோடைக்குப் பிறகுதான் ஏதோ புரண்டது.

முதலில் பிள்ளைகள் வந்தார்கள் என்றாள் தெரேஸ். மத்தியானத்தில், முற்றத்துச் சுவரை ஒட்டி வரிசையாக உட்கார்ந்திருப்பார்களாம். அவர்களுக்கு பிஸ்கோத்து கொடு என்றார். அவள் சிரித்தாள். பிறகு ரேடியோவைக் கழற்றினார், மிக்ஸியைக் கழற்றினார், தையல் மிஷினைத் திருகு திருகாகப் பிரித்துத் தரையில் பரப்பினார். அப்போதும் பொழுதுபோகாமல் செய்கிறார் என்றுதான் நினைத்தாள். அதற்கப்புறம் மாடியில் குடியிருந்த கோபிநாத் மேல் கண் விழுந்தது. லாஸ்பேட்டையில் கல்லூரி வேலை, தெரேஸுக்கு மகன் வயது.

— எங்க ரெண்டு பேருக்கும் தொடுப்புன்னு சொல்றாரு. இந்த வயசுல. இத நான் யார்கிட்ட போய் சொல்லுவேன்? சாமியார்கிட்டகூட பாவசங்கீர்த்தனத்துல சொல்ல வாய் வரல.

— வாய்ல சொல்றதுதான மமா. விடு.

— வாய்ல மட்டும் இருந்தா உன்ன வரச் சொல்லியிருக்க மாட்டேன். அந்தப் புள்ள வண்டிய எடுக்கறப்ப பாத்திருக்கான், பிரேக் வயரு அறுந்து தொங்குது. எலி கடிச்ச மாதிரி இல்ல, நறுக்குன மாதிரி இருக்கு. ஒரு வார்த்த பேசல. மறுநாளே சாமான ஏத்திக்கிட்டுப் போயிட்டான்.

பொலினால் நம்ப முடியவில்லை. அம்மாவுக்குச் சின்ன விஷயத்தையும் பெரிதாக்கிப் பேசும் வழக்கம் உண்டு. முன்னறைக்குப் போனாள். அப்பா நாற்காலியிலிருந்து தானாகவே எழுந்துவந்து அவளைக் கட்டிக்கொண்டார். போன முறை பார்த்தபோது நாற்காலியிலிருந்து எழ இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. பிறகுதான் அவருடைய கழுத்தும் தோளும் நிற்காமல் நெளிந்துகொண்டே இருப்பதைக் கவனித்தாள், காற்றில் ஆடும் கொடிபோல.

— அலோர், உங்கம்மா உன்ன வரவெச்சிட்டா.

— நானாத்தான் வந்தேன் பப்பா. உங்கள பாக்க.

— பாரு, நல்லா பாத்துக்க. அவ கையால காப்பி மட்டும் வாங்கிக் குடிக்காத.

— ஏன்?

— என்னத்தையோ கலக்குறா. எனக்குக் குடுக்குறா, நான் கீழ ஊத்திடுறேன். அலோர், கொஞ்சம் தள்ளி நில்லு. அந்தப் புள்ள கால மிதிச்சிடப்போற.

கோபமே இல்லாமல் சொன்னார், புதிதாக வந்த சிப்பாய்க்குக் கண்ணிவெடி இருக்கும் இடத்தைக் காட்டுவதுபோல. வெறும் தரைதான். ஆனாலும் பொலினின் கால் தன்னையறியாமல் நகர்ந்தது.

சற்று நேரத்தில் தெரேஸ் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பொலின் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். ஆறிய பிறகு குளியலறைக்குக் கொண்டுபோய்க் கொட்டினாள். கொட்டிவிட்டு, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கக் கூசியது. பெற்ற தாயை அவளும் ஒரு கணம் சந்தேகப்பட்டிருந்தாள்.

பிறகு மாத்திரைகளைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டாள். தெரேஸ் கட்டம் கட்டமாக இருந்த பிளாஸ்டிக் பெட்டியை எடுத்துக் காட்டினாள். புதுச்சேரி டாக்டர் எழுதியபடி பெரிய மாத்திரை ஒன்று, சின்ன மாத்திரை ஒன்று, காலை, மதியம், ராத்திரி. ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை என்றாள்.

— சாமி மேல சத்தியமா நான் கலக்கல, பொலின். ஏன் அப்படிப் பாக்குற?

— அதுக்கில்ல மமா. இந்தச் சின்ன மாத்திரைய இங்க வாங்குறியா? நான் அனுப்புறதக் குடுக்கலியா?

— நீ என்னத்த அனுப்புன?

பொலின் அந்தப் பெட்டியைக் கையில் வாங்கினாள். முந்தைய வருடம் ரெனே அவளோடு துலூஸில் சில மாதங்கள் தங்கியிருந்தார். அங்கிருந்த டாக்டர் ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஊர் திரும்பியதும் ரெனே போன் செய்து, இங்கே டாக்டரும் அதையே தொடரச் சொல்லிவிட்டார், ஆனால் அது இங்கே கிடைக்கவில்லை, யாராவது வந்தால் கொடுத்தனுப்பு என்றார். அன்று முதல் ஊருக்கு வருபவர்கள் எல்லோரிடமும் பொலின் ஒரு டப்பா கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தாள். பார்சல் என்றால் சீஸும் சாக்லேட்டும் என்றுதான் தெரேஸ் நினைத்திருந்தாள். வந்ததும் அப்பாவே வாங்கி உள்ளே கொண்டுபோவார்.

அவர் குளிக்கப் போன நேரத்தில் இருவரும் அலமாரியைத் திறந்தார்கள். பழைய ராணுவச் சட்டைக்குப் பின்னால் டப்பாக்கள் இருந்தன. பொலின் பிரான்ஸ் டப்பாவையும் அம்மா வாங்கிய மாத்திரைப் பட்டையையும் கட்டில்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பெரிய எழுத்தில் இருந்த பெயர்கள் வேறு வேறு. கீழே பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பெயர் ஒன்றே.

— ஒரே மருந்து மமா.

— அதெப்படி? நெறமே வேற.

— பேருதான் வேற. நீயும் குடுத்திருக்க, நானும் குடுத்திருக்கேன். அவரு ரெண்டையும் சாப்பிட்டிருக்காரு. அதுதான் அவர இப்படி ஆக்கியிருக்கு.

பொலின் மருத்துவமனைக்குப் போன் செய்தாள். டாக்டர் ஊரில் இல்லை, செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார்கள். அவசரம் என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. பிரான்ஸ் டப்பாக்களைத் தன் பெட்டிக்குள் பூட்டிவைத்தாள். அம்மா எப்போதும் கொடுப்பதை மட்டும் கொடுக்கட்டும் என்றாள். தெரேஸ் தலையாட்டினாள்.

மறுநாள் ரெனே அலமாரியைத் துழாவினார். ஒன்றும் கேட்கவில்லை. மாலைக்குள் நடை தளர்ந்தது, கழுத்தின் நெளிவு நின்றது. மருந்து குறைந்ததால்தான் என்று பொலின் நினைத்தாள். அடுத்த நாள் சாப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை அவர் எழவில்லை. கை கால்கள் மரக்கட்டையாக விறைத்திருந்தன. சட்டை முழுக்க வியர்வை. தொட்டால் உடம்பு கொதித்தது. கண்கள் மட்டும் திறந்து, தெரேஸ் போகும் பக்கமெல்லாம் போய்க்கொண்டிருந்தன.

ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். அவசரப் பிரிவுக்கே டாக்டர் கலைமகள் இறங்கிவந்தார். ரெனேவை முதலிலிருந்து பார்த்துவந்தவர் அவர்தான்.

— நேத்து என்னென்ன மாத்திரை குடுத்தீங்கம்மா?

— எப்பவும் குடுக்குறதத்தான் டாக்டர். அந்த பிரான்ஸ் மாத்திரைய மட்டும் நிறுத்திட்டோம்.

— நான் அம்மாவக் கேக்குறேன்.

— ஒண்ணும் குடுக்கல டாக்டர்.

— மமா?

— எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டேன். பொட்டியில சத்து மாத்திரைய போட்டு வெச்சேன். அந்த மருந்துதான் அவர இப்படி ஆக்குச்சுன்னு நீ சொன்னல்ல? ஒரு மாத்திரையும் வேணாம், எம்புருசன் எனக்குத் திரும்பி வந்தா போதும்னு நெனச்சேன்.

டாக்டர் கத்தவில்லை. அதுதான் பொலினை அதிகமாகப் பயமுறுத்தியது. மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பெரிய மாத்திரையைக் கரைத்துச் செலுத்தச் சொன்னார். பிறகு இருவரையும் வராண்டாவுக்கு அழைத்து வந்தார். இல்லாத பிள்ளைகள் தெரிவது, பொருளைப் பிரித்துப் பிரித்துப் போடுவது, கட்டியவள்மேல் சந்தேகம், எல்லாம் இந்த மருந்து அதிகமானால் வரக்கூடியவைதான்; முதல் பிள்ளை தெரிந்த அன்றைக்கே தன்னிடம் வந்திருக்க வேண்டும் என்றார். ஆனால் இந்த நோய்க்கான மருந்துகளை ஒரேயடியாக நிறுத்துவது அதைவிடக் கொடியது; அதில் உயிரே போகலாம்; கொஞ்சம் கொஞ்சமாகத்தான், அதுவும் தான் சொல்லித்தான் குறைக்க வேண்டும். எந்த ஊரிலிருந்து வந்த மாத்திரையானாலும் முதலில் தன் மேசைக்கு வர வேண்டும். சில ஊசிகள் இந்த நோய்க்கு ஆகாது; வேறு எந்த மருத்துவமனைக்குப் போனாலும், வாந்திக்கோ ஆவேசத்துக்கோ ஊசி போடும் முன்னால், பார்க்கின்சன் இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

— பொழச்சிடுவாராம்மா?

கேட்டது தெரேஸ். ரெண்டு நாள் போகட்டும் என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

இரண்டு நாளும் தெரேஸ் ஐசியூ வாசலை விட்டு நகரவில்லை. ஜெபமாலை அவள் கையில் இருந்தது, உதடு அசையவில்லை. அவரைக் கொன்றுவிட்டேன் என்று ஒரே ஒரு முறை சொன்னாள். காப்பியைக் கீழே கொட்டிய விஷயத்தை அவளிடம் சொல்லிவிடலாமா என்று பொலின் நினைத்தாள். சொல்லவில்லை.

காய்ச்சல் இறங்கியது. விறைப்பு விரல்களில் தொடங்கி மெல்ல விட்டது. பேச்சு வந்ததும் ரெனே முதலில் கூப்பிட்டது தெரேஸை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கோபிநாத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். தெரேஸ் கஞ்சியை ஊதி ஊதி ஊட்டினாள். வீட்டுக்கு வந்த அன்று கத்திகளைத் தலையணைக்கடியிலிருந்து அவரே எடுக்கச் சொன்னார். அவள் முந்தானையில் அள்ளிக்கொண்டு போனாள்.

இப்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டது. வாசல்படியில் வந்தால் அப்படியே நின்றுவிடுவார், யாராவது கை கொடுக்க வேண்டும். சட்டைப் பொத்தானைத் தெரேஸ்தான் போட்டுவிட்டாள். குறைத்த அளவுக்கு உடம்பு பழகட்டும், பிறகு பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீடு அமைதியாக இருந்தது. அந்த நிம்மதியோடுதான் பொலின் ஊருக்குப் போகப் பெட்டி கட்டினாள். கிளம்பும் அன்று, தெரேஸ் கடைக்குப் போயிருந்தபோது, அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

— அந்தப் புள்ளைங்க இப்ப வர்றாங்களா பப்பா?

— இல்ல. போயிட்டாங்க.

— அப்பல்லாம் நெசம்னே நெனச்சீங்களா?

— மொதல்ல சிரிப்பாத்தான் இருந்துது. அலோர், ரெண்டையும் சேத்துப் போட்டா வருவாங்க. ஒரு வேள விட்டுப் பாத்தேன், வரல. சொல்தாவுக்கு எதனால எது வருதுன்னு பாக்கத் தெரியாதா?

— தெரிஞ்சேவா சாப்பிட்டீங்க?

— நடந்தேன்ல? கடற்கரை வரைக்கும் போனேன். யார் கையும் புடிக்கல. எஞ்சட்டைய நானே போட்டேன்.

— மமாவ அப்படிப் பேசுனீங்களே. அந்தப் பையன் வண்டி... அவன் செத்திருந்தா?

— அந்த நேரத்துக்கு எல்லாம் நெசமாத்தான் தோணும். மருந்து எறங்குனப்புறம் வெக்கமா இருக்கும். அதுக்குள்ள அடுத்த வேள வந்துடும்.

வாசலில் தெரேஸின் செருப்புச் சத்தம் கேட்டது. ரெனே நடுங்கும் கையை மெல்ல நகர்த்தி மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுகியது. அவர் முகத்தில் குழப்பம் எதுவும் இல்லை.

— அலோர், போனதும் ஒரு டப்பா குடுத்தனுப்பு. இங்க வேணாம், எதிர்வீட்டு லூதோவிக்கிட்ட குடுக்கச் சொல்லு.