மலர்கொடியோட இடது கை

...கண்ணக் காட்டத்தாங்க்கா வந்தோம். கண்ணு டாக்டர்னா கண்ணப் பாக்கணுமா இல்லையா? கழுத்தப் புடிக்கிறாரு. நெஞ்சுல வெக்கிற கொழாய கழுத்துல வெச்சுக் கேக்கறாரு, என்னமோ உள்ள ரேடியோ பாடற மாதிரி. அப்புறம் இந்தக் கை, அந்தக் கை, காலு. எல்லாத்தையும் தடவிப் பாத்துட்டு கடைசியாத்தான் கண்ணுக்கு வர்றாரு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, உங்க வீட்டுக்காரருக்குக் காத்து வரட்டும். கட்டு போட்டிருக்காரே, புரையா? ம்... குடுத்து வெச்சவரு. கண்ணுல கோளாறு, கண்ணுல கத்தி, முடிஞ்சுது. எங்களுக்கு அப்படியா?

நாங்க மரக்காணம். உப்பளத்து வேல. உள்ள இருக்கறது எம் மருமவ, மலர்கொடி. இருவத்திரண்டு வயசு. வலது கண்ணு போயிடுச்சு, வெளிச்சம் மட்டும் தெரியுதாம். இடதாவது நிக்குமான்னு பாக்கத்தான் இந்த மாசத்துல மூணாவது தடவ பஸ்ஸு ஏறி வர்றோம். எம் மவன் சதீஷு ஆரோவில்ல கொத்து வேல செய்யறான், லீவு இல்லையாம். பொண்டாட்டிக்குக் கண்ணு போவுது, இவனுக்கு லீவு இல்ல. அப்ப யாரு வர்றது? ஞானாம்பாதான் வரணும். எனக்குத்தான் முட்டி வலி கெடையாதே, இரும்புல செஞ்சு அனுப்பிட்டாங்க.

மொதல்ல கண்ணு இருட்டுது அத்தேன்னு வந்து நின்னா. உப்பளத்துல இருட்டாம என்னக்கா பண்ணும்? உச்சி வெயில்ல பாத்தி பூரா கண்ணாடி மாதிரி அடிக்கும். எனக்கும்தான் இருவது வருஷமா எரியுது, தண்ணி வழியுது. நான் ஆஸ்பத்திரிக்கா ஓடுனேன்? ஆனா இவளுக்கு வேற மாதிரி. கூடையத் தலையில ஏத்திகிட்டு நிமுந்தா இருட்டும். உக்காந்து எழுந்தா இருட்டும். ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம், அப்புறம் லைட்டு போட்ட மாதிரி வந்துடும். இடது கை ஓஞ்சு போவுதுன்னுவா. கொடியில நாலு துணி போடறதுக்குள்ள நாலு தடவ கைய எறக்குவா. நான் என்ன நெனச்சேன்? வேல செய்யாம இருக்க வழி தேடறான்னு நெனச்சேன். பக்கத்துப் பாத்தி பாக்கியலட்சுமிகிட்ட சொல்லிச் சிரிச்சேன், எம் மருமவளுக்குக் கூடையப் பாத்தாத்தான் கண்ணு தெரியாது, சோத்தப் பாத்தா நல்லாத் தெரியும்னு. சதீஷு ஒரு கூலிங்கிளாஸு வாங்கிக் குடுத்தான். அதப் போட்டுகிட்டு உப்பு வாருனா. வாங்க நடிகையம்மான்னு கூப்புட்டோம் எல்லாரும்.

அப்ப கல்யாணம் ஆயி மூணு மாசம். தல சுத்துது, கண்ணு இருட்டுதுன்னா நம்ம பக்கம் வேற என்ன நெனப்பாங்க, சொல்லுங்க. முழுகாம இருக்கான்னு நெனச்சுகிட்டேன். இரும்பைங்கற ஊருலேர்ந்து பாவாடைன்னு ஒரு வைத்தியரு வருவாரு, நாடி பாக்கறவரு. கூப்புட்டேன். பொம்பளைக்கு இடது கைதானே பாப்பாங்க? புடிச்சாரு. மூணு வெரல வெச்சாரு, எடுத்தாரு, வேட்டியில தொடச்சிகிட்டு மறுபடி வெச்சாரு. நான் சர்க்கரைய கையில வெச்சிகிட்டு நிக்கறேன், நல்ல சேதி சொன்னா வாயில போடலாம்னு. அந்த ஆளு மொகம் சுருங்கிப் போச்சு. வலது கையையும் புடிச்சுப் பாத்தாரு.

"இந்தக் கையில நாடி கெடைக்கலம்மா. அதுல இருக்குது, இதுல இல்ல. இது என் வைத்தியத்துக்கு அடங்காது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போங்க"ன்னாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க சிரிப்பு. எதுருல கண்ண முழிச்சிகிட்டு உக்காந்திருக்கா, நாடி இல்லையாம். அப்ப எம் மவன் கட்டிகிட்டு வந்தது என்ன, பொம்மையான்னு கேட்டேன். தெருவுல சொன்னேன், உப்பளத்துல சொன்னேன், தண்ணிக் குழாயாண்ட சொன்னேன். அப்புறம் அவரு எங்க போனாலும் பொம்பளைங்க இடது கைய நீட்டுவாளுங்க, வைத்தியரே எனக்காவது இருக்குதா பாருன்னு. அந்த மனுசன் எங்க ஊருக்கு வர்றத நிறுத்திட்டாரு.

ஐப்பசி மழையில உப்பளம் மூடுனாங்க. வீட்டோட இருந்தா, இருட்டறது கொறஞ்சுது. பாத்தியா, நடிப்புன்னு சொன்னேன்லன்னேன். தை பொறந்து வேலைக்கு எறங்குனா மறுபடி இருட்டுச்சு. ராத்திரியில காய்ச்சல் வேற. போன மாசம் ஒருநா, வலது கண்ணுல கறுப்பா நூலு நூலா எறங்குதுன்னா. சாயங்காலத்துக்குள்ள தெரை போட்ட மாதிரி மூடிடுச்சு.

இங்க வந்தா, அந்த டாக்டரு அதே இடது கையப் புடிக்கிறாரு. அதே மூணு வெரலு. அதே மாதிரி மொகம் சுருங்குது. அப்புறம் படிக்கிற புள்ளைங்க நாலு பேரு வந்து, காணாமப் போன ஆட்டத் தேடற மாதிரி அவ கையில நாடியத் தேடுச்சுங்க.

நெஞ்சுலேர்ந்து கெளம்பற பெரிய ரத்தக் கொழா இருக்குதாம். அது வீங்கித் தடிச்சு உள்ள வழி சுருங்கிடுச்சாம். கைக்குப் போறதுலயும் அடைப்பு, கழுத்து வழியா மேல போறதுலயும் அடைப்பு. கண்ணுக்கு ரத்தம் பத்தல, அதான் நிமுந்தா இருட்டுச்சாம். பத்தாத கண்ணு தானா சின்னச் சின்னதா புதுக் கொழாய மொளைக்க வெச்சுகிச்சாம். அதுக்குத் தெம்பு ஏது, ஒடஞ்சு உள்ளயே ரத்தம் கொட்டிடுச்சு. கண்ணு மேல தப்பு இல்லம்மா, உப்பு மேலயும் இல்லன்னாரு. வேற யாரு மேலன்னு அவரு சொல்லல. நானும் கேக்கல.

சரி, இவ்ளோ தெரிஞ்சவரு மாத்திரைய எழுதிக் குடுக்க வேண்டியதுதானே? மாட்டேங்கறாரு. ரத்தம் எடு, சளி எடு, படம் எடு, அடுத்த வாரம் வா. கேட்டா, ரெண்டு மாசத்துல இந்த நோவு இவ்ளோ தூரம் வராதும்மா, கணக்கு ஒதைக்குது, வேற எதுனா வியாதி ஒளிஞ்சிருக்கான்னு பாக்கணும், வியாதி தெரியாம மாத்திக் குடுத்தா அந்த மாத்திரையே உசுருக்கு வம்புங்கறாரு. படிச்ச படிப்பு என்னத்துக்கு, ஒரு... ஏங்க்கா அப்படிப் பாக்கறீங்க?

ரெண்டு மாசம்னு யாரு சொன்னதா?

...நான்தான் சொன்னேன்.

பின்ன என்ன சொல்றது? எத்தினி நாளா இருக்குதுன்னு கேட்டாரு. பத்து மாசம்னா, இத்தினி நாளு என்ன பண்ணீங்கன்னு கேப்பாரா மாட்டாரா? நாடி இல்லன்னு ஒருத்தர் சொன்னாரு, ஊரக் கூட்டிச் சிரிச்சோம்னு சொல்லவா? வாயில ரெண்டுன்னு வந்துடுச்சு. எழுதிகிட்டாரு. அவ பக்கத்துலதான் உக்காந்திருந்தா. திரும்பி என்னை ஒரு பார்வ பாத்தா, அவ்ளோதான். மாமியா பேசறப்ப வாயத் தொறக்க மாட்டா. அப்படிப் பழக்கி வெச்சிருக்கேன்.

யக்கா, அடுத்து உங்க வீட்டுக்காரரத்தானே கூப்புடுவாங்க? உள்ள போறப்ப நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன். அந்தப் பொண்ணுக்குப் போன ஆவணிலேர்ந்தே இருக்குதாம், வெளிய பேசிகிட்டாங்கன்னு. என் பேரு வேணாம். நீங்க வேத்து ஆளு, உங்கள ஒண்ணும் திட்ட மாட்டாரு...

ஏங்க்கா எழுந்துட்டீங்க? அந்த பெஞ்சுலயும் காத்து வராதுக்கா. ...கட்டு போட்ட மனுசனையும் இழுத்துகிட்டுப் போறாங்க பாரு. போங்க, போங்க.

காலையில பஸ்ஸுல வர்றப்ப, அத்த, இந்தக் கண்ணுலயும் ஒரு நூலு தெரியுதுன்னா. வெயிலா இருக்கும், பேசாம வான்னேன்.

தம்பி... கதவுகிட்ட நிக்கிற தம்பி, கொஞ்சம் வழி விடு. டோக்கன் இல்லப்பா, டோக்கன் வேணாம். உள்ள இருக்கறது எம் மருமவ. டாக்டர்கிட்ட ஒண்ணு திருத்தணும். திட்டுனா திட்டட்டும், நீ தள்ளு... சார். சார், நான் ஞானாம்பா. ரெண்டு மாசம் இல்லீங்க.