நன்றிக்குக் கூரை சொன்ன பதில்

கையெழுத்துப் போடமாட்டேன்னு நான் எங்க சார் சொன்னேன்? போடறேன். ஆனா இதுல எழுதியிருக்கறது ஒண்ணு, நடந்தது ஒண்ணு. மொதல்ல அந்தப் பெட்டி மேலேருந்து எந்திரிங்க. அது ஆம்ப்ளிஃபயர். சூடேறினா நீங்களே துள்ளி எந்திரிப்பீங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஆடும், விழாது. பதினெட்டு வருஷமா ஆடிக்கிட்டேதான் இருக்குது.

இன்னொரு தடவை படிங்க. நான் எழுத்துக்கூட்டிப் படிச்சா பொழுது போயிடும். என்னது? மேற்படி மாணவி மேற்படி ஒலிபெருக்கிப் பணியாளருடன் முன்கூட்டியே கூடிப் பேசி... மேற்படின்னா நானா சார்? நல்லாருக்கு. நானும் அந்தப் பொண்ணும் கூடிப் பேசி, பட்டமளிப்பு விழாவுல கூரையிலேருந்து கடவுள் குரல் வர்ற மாதிரி ஏற்பாடு பண்ணோமாம். அதனால அவ பட்டத்த நிறுத்தி வைக்கணுமாம். உங்க ஃபைல்ல இருக்கற அந்த உத்தரவு செல்லணும்னா, கூடவே என் கையெழுத்து போட்ட வாக்குமூலம் வேணும். அதான விஷயம்?

அப்ப நடந்தத நடந்தபடி எழுதுங்க சார். அந்தப் பொண்ணு திங்கக்கிழமை புது வேலையில சேரணும். கையில சான்றிதழ் இல்லைன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. ஒருத்தி சோத்துல மண்ணள்ளிப் போடறதுன்னா, போடற மண்ணாவது சரியான மண்ணா இருக்கணுமில்ல?

இல்ல சார், நேரா அந்த நாளுக்கு வந்தா புரியாது. போன வருஷத்துலேருந்து வரணும். ஆமா, எல்லாத்தையும்தான் எழுதணும். பேனா இருக்குல்ல?

போன வருஷம் விழாவுல ஒரு பையன் பேச வந்தான். தன் கடவுளுக்கு நன்றி சொன்னான். சரி, சொல்லட்டும், அவன் கடவுள், அவன் நன்றி. அடுத்து வந்த பொண்ணு, அவர மட்டும் சொன்னா எப்படின்னு தன் கடவுளுக்கு ரெண்டு நிமிஷம் கூடுதலா சொன்னா. மூணாவது ஒருத்தன் வந்தான் பாருங்க, தங்கமான பையன், யார் மனசும் நோகக்கூடாதுன்னு எல்லாக் கடவுளுக்கும் நன்றி சொல்றேன்னு பட்டியல் எடுத்தான். நாப்பது நிமிஷம் சார்! தலைமை விருந்தினர் தூங்கி, எழுந்து, கை தட்டி, மறுபடி தூங்கிட்டாரு. நாலாவது பையன், கடவுளே இல்ல, என் நன்றியெல்லாம் லைப்ரரிக்குத்தான்னு சொல்லிட்டு இறங்கினான். அதுக்கும் புகார் வந்துச்சு. யார்கிட்டேருந்து? லைப்ரரிக்காரர்கிட்டேருந்து. நன்றி சொல்லிட்டான், எடுத்துட்டுப் போன ஏழு புத்தகத்தத் திருப்பித் தரலன்னு.

கமிட்டி உக்காந்துச்சு. இந்த வருஷம் இந்த மண்டபத்துக்குள்ள கடவுள் இருக்காருன்னும் சொல்லக்கூடாது, இல்லைன்னும் சொல்லக்கூடாது. பேசற பசங்க பேச்ச எழுதி முன்னாடியே காட்டணும். யாராவது கடவுளுக்கு நன்றின்னு எழுதியிருந்தா அத அடிச்சிட்டு, பதிலுக்கு ஒரு வரி போட்டுக் குடுத்தாங்க. சாதகமான சூழ்நிலைகளுக்கு நன்றி. இந்த மூணு வார்த்தைக்கு மூணு நாள் கூட்டம் போட்டாங்க சார். நாளுக்கு ஒரு வார்த்தை.

மீறி யாராவது சொல்லிட்டா? அங்கதான் நான் வர்றேன். பதிவாளர் கூப்பிட்டாரு. அந்த வார்த்தை வாயிலேருந்து வந்த உடனே மைக்க அமத்திடணும்னாரு. எந்த வார்த்தைங்கய்யான்னு கேட்டேன். தப்பு. கேட்டிருக்கக் கூடாது. மறுநாள் ஒரு பட்டியல் குடுத்தாரு. நூத்திப் பன்னெண்டு பேரு. உலகத்துல இருக்கற கடவுள் பேரெல்லாம், செல்லப் பேரோட. மனப்பாடம் பண்ணுன்னுட்டாரு.

பண்ணேன் சார். குளிக்கும்போது, பஸ்ஸுல, சட்டைக்குப் பட்டன் போடும்போது, வாய் பாட்டுக்கு முணுமுணுத்துக்கிட்டே இருந்துச்சு. எங்க வீட்டுக்காரிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. முப்பத்தாறு வருஷமா ஒரு நாள் கைகூப்பாத மனுஷன் இப்பவாவது திருந்தினாரேன்னு. அவகிட்ட எப்படிச் சொல்றது, யார் பேரச் சொன்னாலும் வாய அடைக்கறதுக்காகத்தான்டி எல்லார் பேரையும் சொல்லிக்கிட்டிருக்கேன்னு?

கடிகாரத்தப் பாக்காதீங்க, அது நின்னு ரொம்ப நாளாச்சு. போனும் இந்த ரூமுக்குள்ள எடுக்காது. சுவரெல்லாம் பஞ்சு வெச்சு அடைச்சிருக்கு. பொண்ணுக்கு வந்துட்டேன் சார், வந்துட்டேன்.

அவ விடியக்காலைல ரொட்டிக் கடையில மாவு பிசையற வேலை பாக்கறா. அதுலதான் நாலு வருஷமும் படிச்சா. ஒத்திகைக்கு வரும்போது முழங்கை வரைக்கும் மாவு. அவ பேச்சுல அந்த ஒரு வரிய அடிச்சிட்டாங்க. அவளும் தகராறு பண்ணல. சரிங்கன்னு, மாத்திக் குடுத்தத வாங்கிக்கிட்டா. ஆனா ஒத்திகையில அந்த இடம் வந்தாலே சிரிச்சிடறா. சாதகமான... களுக். சாதகமான சூழ்... களுக். பதிவாளர் அதட்டினாரு. ஐயா, விடியக்காலை மூணு மணிக்கு அடுப்பு முன்னாடி நின்னிருக்கேன், அங்க ஒரு சூழ்நிலையும் சாதகமா இல்லைங்கய்யான்னா. எனக்கு ஹெட்போனுக்குள்ளயே சிரிப்பு.

விழா அன்னைக்கு என்னாச்சுன்னா, அவ பேசறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி வாசல் கேட்டுல ஒரு வெள்ளைக் காரு வழிய மறிச்சு நிக்குதுன்னு சொல்லி அனுப்பினாங்க. இதோ, என் மேஜை மேல இருக்கே, இந்தச் சின்ன மைக்குல அறிவிச்சேன். தயவுசெஞ்சு எடுங்கன்னு. அறிவிச்சிட்டு இந்த மைக்க மூட மறந்துட்டேன். ஆமா, அதுதான் நான் பண்ணின தப்பு. அத மட்டும் பெரிய எழுத்துல எழுதிக்கங்க.

அவ வந்தா. நல்லாப் பேசினா. அந்த இடம் வந்துச்சு. சாதகமானன்னு ஆரம்பிச்சா. நின்னுட்டா. சிரிக்கல சார். இந்தத் தடவை சிரிப்பு வரல அவளுக்கு. கீழ முன் வரிசையில அவ அம்மா உக்காந்திருக்காங்க. அவங்களப் பாத்தா. என்னைய இந்த இடம் வரைக்கும் கைபிடிச்சுக் கூட்டிட்டு வந்த கடவுளுக்குன்னா. அவ்வளவுதான், மைக்க அமத்தற பொத்தான் மேல என் கை தன்னால இறங்கிடுச்சு. மண்டபத்துல கடவுளுக்கு வரைக்கும்தான் கேட்டுச்சு. அதுக்கப்புறம் கப்புன்னு அமைதி.

ஆனா சத்தத்தக் கூட்டிக் குறைக்கற இந்த போர்டு எப்படின்னா சார், மேடை மைக்குலேருந்து மண்டபத்துக்குப் போற சத்தத்த அமத்தினாலும் ஹெட்போன்ல எனக்கு மட்டும் வரும். ரெண்டாயிரம் பேருக்குக் கேக்கல, எனக்குக் கேக்குது. நன்றின்னா. மைக்கு செத்துப்போச்சுன்னு அவளுக்கே தெரிஞ்சிடுச்சு. கொஞ்சம் சத்தமா நன்றின்னா. அப்புறம் ரொம்ப மெதுவா, பக்கத்துல நிக்கற ஆள்கிட்டச் சொல்ற மாதிரி, நன்றின்னா.

அந்தக் கூரைக் குரல் நான்தான் சார். வேற யாரு? ஏன் பேனா நின்னுடுச்சு? எழுதுங்க. இருக்கட்டும்மா, பரவால்லன்னு சொன்னது நான்தான்.

ஏன்னா? நீங்க சொல்லுங்க, ஒருத்தர் மூணு தடவை நன்றி சொல்லிட்டு நின்னா நீங்க என்ன சொல்வீங்க? காதுல விழுந்த ஆள் நான் ஒருத்தன்தான். பதில் பேசாம உக்காந்திருக்கறது மரியாதை இல்லையே. வாய் தன்னால சொல்லிடுச்சு. மைக்கு தொறந்திருந்துச்சு. கூரையில பன்னெண்டு ஸ்பீக்கர்.

தலைமை விருந்தினர் எழுந்து நின்னு மேல பாத்துக் கும்பிட்டாரு. பௌதிகம் சொல்லிக் குடுக்கறாரே, எல்லாத்துக்கும் ஆதாரம் கேப்பாரே, அவரு நாற்காலிக்கு அடியில போயிட்டாரு. கடைசி வரிசையிலேருந்து ஒரு பையன் கூரையப் பாத்து, எனக்கு ரெண்டு பேப்பர் போயிருக்கு, கொஞ்சம் பாருங்கன்னு கத்தினான். அந்தப் பொண்ணு மட்டும் பதறவே இல்ல. அண்ணாந்து பாத்தா. சரிங்கன்னா. இறங்கிப் போய் உக்காந்துட்டா.

இதுல என்ன கூத்துன்னா, அஞ்சு நிமிஷம் முன்னாடி அதே குரல்தான் வெள்ளைக் கார நகத்தச் சொல்லுச்சு. ஒருத்தருக்கும் தோணல! அந்தக் கார்க்காரருக்கு மட்டும் தோணியிருக்கு, அதுவும் தலைகீழா. கடவுளே எடுக்கச் சொன்ன வண்டின்னு இப்ப யாரையும் அதுல ஏத்தமாட்டேங்கறாராம்.

அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கே தெரியுமே. மூணு கூட்டம் வந்து, அது எங்க கடவுள்தான்னு மனு குடுத்துச்சு. ஒரு கூட்டம் சொல்லுது, பரவால்லன்னு சொல்ற பெருந்தன்மை எங்காளுக்குத்தான் உண்டுன்னு. கடவுளே இல்லைங்கற சங்கம் வந்து, அவர் பேசினதுக்குக் கண்டனம் தெரிவிச்சுது. கமிட்டி மறுபடி உக்காந்துச்சு. விதிய எடுத்துப் பாத்தா, மாணவர்கள் கடவுளப் பத்திப் பேசக்கூடாதுன்னுதான் இருக்கு. கடவுள் மாணவர்கள்கிட்டப் பேசக்கூடாதுன்னு எங்கயும் இல்ல. அவர்கிட்ட விளக்கம் கேக்கலாம்னா, கடிதத்த எந்த விலாசத்துக்கு அனுப்பறது? எல்லாரும் கையப் பெசஞ்சுட்டு, இளிச்சவாய் யாருன்னு தேடி, கடைசியில அந்தப் பொண்ணப் புடிச்சாங்க.

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை என்கிட்ட வந்து கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். யாரும் இந்தப் படி ஏறி வரல சார். நீங்கதான் மொதல் ஆளு. நீங்களும் கேக்க வரல, கையெழுத்து வாங்க வந்தீங்க.

என் வேலையா? போகும். தெரியும். வீட்டுக்காரிகிட்டயும் சொல்லிட்டேன். பட்டியல் விஷயத்தச் சொன்னப்பதான் கோவிச்சுக்கிட்டா. வேலை போறதுக்கு இல்ல.

கொஞ்சம் நகருங்க சார், ஜன்னல மறைக்கறீங்க. ஆங். அதோ பாருங்க, சான்றிதழ் குடுக்கற கவுண்டர்லேருந்து வெளிய வர்றா. கையில சுருட்டி வெச்சிருக்காளே, அவதான். பக்கத்துல நடக்கறது அவ அம்மா. அடடா, ஓடாதம்மா, விழுந்துடப் போற... ரசீதெல்லாம் போட்டு, பேரேட்டுல கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுப்பாங்க. குடுத்தா குடுத்ததுதான், திருப்பி வாங்கறதுக்கு விதி கிடையாது. நேத்தே விசாரிச்சு வெச்சேன்.

இன்னைக்கு வரிசையில நூறு பேருக்கு மேல நின்னாங்க சார். அவ முறை வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்னு தெரியும். நான் பொதுவா இவ்வளவு பேசற ஆளே இல்ல. வேணும்னா வீட்ல கேட்டுப் பாருங்க. அடுத்தவங்க பேசறதக் கேக்கறதுதான் என் தொழிலே. தொண்டையெல்லாம் வறண்டு போச்சு.

சரி, குடுங்க அந்தப் பேனாவ. எங்க போடணும்? என்ன சார், எந்திரிச்சிட்டீங்க?