புகை படாமல் கருவி காத்தவருக்கு

முப்பத்தொரு ஆண்டுகள் காற்றை அளந்த கண்ணியரே! கோப்பில் கறை படியாத கனவானே! ராக்கெட் ஏவுதளச் சூழல் ஆய்வுப் பிரிவின் சுடரே! பகலெல்லாம் உங்கள் கீழ் வேலை பார்த்து, பொழுது சாய்ந்தால் குடியிருப்பின் எதிர்வரிசையில் அமர்ந்து உங்கள் வாசலையே பார்க்கும் ஊழியர்களாகிய நாங்கள், நீங்கள் ஓய்வு பெறும் இந்நாளில் உள்ளம் கொதிக்க வாழ்த்துகிறோம்!

ராக்கெட் கிளம்பும் நேரத்தை எங்களுக்கு யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. நீங்கள் காருக்கு உறை மாட்டுவதும், உங்கள் இல்லத்தரசியார் கொடித்துணியை அள்ளுவதுமே போதும். “அண்ணி, வெயில் நல்லாத்தானே அடிக்குது, ஏன் எடுக்குறீங்க?” என்று ஒருமுறை வாயைக் கிண்டினோம். “போன தடவை புதுப் புடவை பொத்தல் பொத்தலா போயிடுச்சும்மா. அவருகிட்ட சொல்லிடாதீங்க, அப்படியெல்லாம் ஆகாதுன்னு அவருதானே எழுதியிருக்காரு!” என்றார் அந்த வெள்ளந்தி மனுஷி.

அறிவின் ஆழியே! அமிலப் புகை அளவுக் கருவியை அரித்துவிடும் என்று அஞ்சி, ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றி அறைக்குள் பூட்டச் சொன்னீர்கள். புகை கலைந்து இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வைத்து அளந்து, ‘பாதிப்பு இல்லை’ என்று எழுதினீர்கள். குளத்து மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தபோது வெயிலைக் குற்றம் சொன்னீர்கள். ஏவுதள வேலியோரம் நின்று அந்தக் குளத்து நீரைச் சோதனைக்குப் பிடித்துவந்த எங்கள் மூத்த ஊழியரைப் புகை படாமல் எந்த அறையில் வைத்துப் பூட்டினீர்கள் ஐயா? அவர் இருமல் தெருக்கோடிவரை கேட்கிறது. உங்கள் ஜன்னல்தான் சாத்தியிருக்கிறது!

ஆண்டுக்கு நான்காக இருக்கும் ராக்கெட்டுகளைப் பன்னிரண்டாக்கும் கோப்பு இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. இன்று ஐந்து மணிக்குள் அதில் கையெழுத்திட்டுவிட்டு, நாளைக்கே மலைப்பக்கம் வாங்கிய வீட்டுக்குக் கிளம்புகிறீர்கள். லாரிக்குச் சொல்லியாகிவிட்டதும் தெரியும். எங்களுக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் ஓர் அட்டைப்பெட்டி நகருமா?

ஆகவே பொறுத்தருள்க! போன செவ்வாய்க்கிழமை ராக்கெட் கிளம்பியபோது நாங்கள் கருவியைக் கழற்றவில்லை. புகைக்குள் பதினோரு நிமிடம் அளந்துவிட்டு அது உயிரை விட்டது. கடைசியாகக் காட்டியது, நீங்களே வகுத்த எல்லையைப்போல் நாற்பது மடங்கு. அந்தத் தாளைக் கோப்பின் முதல் பக்கமாகத் தைத்துவிட்டோம். நகல் மேலிடத்துக்கும் போய்விட்டது.

பல்லாண்டு நலமாய் வாழுங்கள்! மலைக்காற்றை மார்பு நிறைய இழுத்து மகிழுங்கள்! இப்போது மணி மூன்றரை. எங்கள் பரிசுப் பெட்டியில் இருப்பது ஒரு பேனா. ‘பாதிப்பு உண்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு லாரி ஏறுங்கள்.

உங்களை வழியனுப்பக் காத்திருக்கும்
சூழல் ஆய்வுப் பிரிவு ஊழியர்கள்,
குடியிருப்பு எதிர்வரிசை