சந்திரசேகரன் ஐந்தாம் முறை கை தூக்கினார்

— போன மாசம் நாலு பேர் ரட்சிக்கப்பட்டாங்கன்னு தலைமைச் சபைக்கு ரிப்போர்ட் அனுப்பினீங்களாமே, பாஸ்டர்?

— கர்த்தருக்கு ஸ்தோத்திரம், அபிராமி சிஸ்டர்.

— நாலும் எங்கப்பாதான் லா.

— வாரத்துக்கு ஒரு தடவை... சரி, திருத்திடலாம். ஆனா இன்னைக்கும், “இயேசுவை ஏத்துக்கிறவங்க கையத் தூக்கி முன்னால வாங்க”ன்னேன். மொத ஆளா வந்தது யாரு? சந்திரசேகரன் ஐயா. வர்ற ஞாயிறு பத்து ஃபிரிங்கி பீச்சுக்குப் போயி கடல்ல ஞானஸ்நானம் கொடுத்துடுவோம்.

— வேணாம், பாஸ்டர்.

— நீங்களா சொல்றீங்க? உங்கம்மா ஸ்டெல்லா சிஸ்டர் முப்பது வருஷம் இதுக்குத்தானே ஜெபிச்சாங்க!

— அந்த முப்பது வருஷமும் அப்பா வெளிய காடியிலதான். கார் ஏசியப் போட்டு, பேப்பரை விரிச்சு. ரெண்டு தடவை பார்க்கிங் சமன் வந்து அபராதம்கூட கட்டினாரு. “நீ உள்ள போ, நான் இங்க இருக்கேன்.” இதே பதில்தான். அம்மா சாகறதுக்கு மொத நாள் கேட்டப்பகூட பொய்யா ஆமா சொல்லல. டிமென்ஷியா வந்தப்புறம் தனியா விட முடியலன்னுதான் நான் உள்ள கூட்டிட்டு வர்றேன்.

— பிடிவாதம் மறந்துபோச்சுன்னு வச்சுக்குங்களேன். மிச்சம் இருக்கறதுதான் ஆத்துமா.

— அந்தப் பிடிவாதம்தான் எங்கப்பான்னா? அதக் கழிச்சுட்டு யார தண்ணியில முக்கப்போறீங்க?

— நம்ம ஞாபகத்துலதான் நாம இருக்கோம்னு இல்லம்மா. அவரு தன்னையே மறந்தாலும் ஆண்டவர் அவர மறக்கல. அங்க அவரு முழுசா இருக்காரு.

— அப்ப அந்தக் காடியும் ஆண்டவருக்கு ஞாபகம் இருக்குமே?

— உங்கம்மா இப்படியெல்லாம் கேக்க மாட்டாங்க.

— நான் அப்பா பொண்ணு.

— அவரையே கேப்போம். தெரிஞ்சு சொன்னாருன்னா தடுக்க மாட்டீங்களே?

— தெரிஞ்சு சொன்னா, நானே துண்டு எடுத்துட்டு வர்றேன்.

— ஐயா, இப்படி வாங்க. வாராவாரம் கையத் தூக்கிட்டு முன்னால வர்றீங்களே, எதுக்காக?

— முடிஞ்சுதா தம்பி? ஸ்டெல்லாவுக்குத்தான் கை காட்டிப் பாத்தேன். கண்ண மூடி ஜெபத்துல இருப்பா போல, பாக்கவே இல்ல. தொந்தரவு பண்ணாதீங்க. காடிய நிழல்ல போட்டிருக்கேன், எவ்வளவு நேரமானாலும் இருப்பேன்னு மட்டும் சொல்லிடுங்க.