விலக்குப் பட்டியல்

ஓடிக்கொண்டிருக்கிற எதையும் நான் தொட மாட்டேன், ஐயா. வீட்டில் மின்விசிறி கிறீச்சிட்டாலும், சுற்றுகிறதா, சுற்றட்டும் என்று விட்டுவிடுவேன். மனைவி இதைச் சோம்பேறித்தனம் என்பாள். சோம்பல் இல்லை, பயம். அதை உங்களிடம் ஒளித்துப் பயனில்லை.

மருத்துவமனைகளில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவிகளுக்கு எங்கள் நிறுவனம் மென்பொருள் எழுதுகிறது. முழுவதையும் நாங்களே எழுதுவதில்லை. யார் யாரோ எழுதிப் பொதுவில் வைத்த நூற்றுக்கணக்கான துண்டுகளை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறோம், லைப்ரரி என்போம். எல்லாரும் செய்வதுதான். அவற்றில் ஏதாவது ஒன்றில் வெளியாள் புகக்கூடிய ஓட்டை இருப்பது தெரிந்தால், திங்கட்கிழமைச் சோதனையில் என் திரையில் சிவப்பு வரி வரும். அந்த லைப்ரரியை அப்டேட் செய்து ஓட்டையை அடைப்பது என் வேலை.

முதல் வருடம் ஒழுங்காகத்தான் செய்தேன். ஒரு முறை அடைக்கப் போன இடத்தில் மூன்று மருத்துவமனைகளில் கருவிகளின் திரை நாற்பது நிமிடம் இருண்டுவிட்டது. நர்சுகள் கண்ணால் சொட்டு எண்ணிச் சமாளித்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேலாளர் என்னை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, "நல்லா ஓடிட்டிருந்ததை உன்னை யாருப்பா தொடச் சொன்னது?" என்றார். சூடு கண்ட பூனையாகிவிட்டேன். அதன் பிறகு அப்டேட் என்ற சொல்லைப் பார்த்தாலே அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன்.

விலக்குப் பட்டியல் என்று ஒரு கோப்பு உண்டு. எங்களைப் பாதிக்காத ஓட்டையை அதில் எழுதி, பக்கத்தில் காரணத்தையும் போட்டுவிட்டால் சிவப்பு பச்சையாகிவிடும். 'நமக்குப் பொருந்தாது' என்றால் போதும், ஒருவரும் படிப்பதில்லை. ஏழு மாதத்தில் எண்பத்தொரு வரி எழுதினேன். திரை பச்சைப்பசேல் என்றிருந்தது. அதே மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

நீங்கள் கேட்பது எண்பத்திரண்டாவது வரியைப் பற்றி. கடவுச்சொல் இல்லாமலே வெளியாள் மருந்தின் அளவை மாற்ற முடியும் என்றது அந்த எச்சரிக்கை. மேசையிலிருந்த சோதனைக் கருவியில் நானே முயன்று பார்த்தேன். ஐந்தை ஐம்பதாக்கினேன். ஏன் என்று கேட்காமல் ஏற்றுக்கொண்டது. போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஓட்டையை அடைத்த புதிய பதிப்பு தயாராகத்தான் இருந்தது. போட்டு, மறுபடியும் திரைகள் இருண்டால் என்ன செய்வேன்? 'நமக்குப் பொருந்தாது' என்று எழுதினேன்.

பரிசோதனைப் பிரிவு அக்கா மட்டும் விசாரித்தார்.

"நெஜமாவே பாத்தியா தம்பி?"

"பாத்துட்டேன்க்கா. நமக்கு வராது."

அடுத்த வாரம் என் தம்பிக்குக் குடல்வால் அறுவை. பார்க்கப் போனேன். கட்டிலின் தலைமாட்டில் எங்கள் கருவி, திரையில் மருந்தின் அளவு ஐந்து. கண் இமைத்தால் மாறிவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மணி நேரத்துக்குள் கையெழுத்துப் போட்டு, வேறு மருத்துவமனைக்கு மாற்றினேன். அங்கே இன்னும் பழைய முறைதான், பாட்டிலும் குழாயும். ஏன் என்றவர்களிடம், அங்கே டாக்டர் கைராசிக்காரர் என்றேன். பக்கத்துக் கட்டிலில் மூன்று வாரமாகக் கிடந்த தையற்கார அம்மா, "பாத்துக் கூட்டிட்டுப் போப்பா, தையல் புதுசு," என்றார். அவர் கருவியில் எண் ஏழு. சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே.

தம்பியை மாற்றிய ஒன்பதாம் நாள் எவனோ அந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்து எண்களை மாற்றினான். நான்கு பேர் போய்விட்டார்கள். தையற்கார அம்மாவின் கருவியில் எழுபது இருந்ததாம். அவனை நீங்கள் அவசியம் பிடிக்க வேண்டும். என்னால் ஆன உதவியைச் செய்கிறேன்.

தெரிந்தேதான் விட்டாயா என்கிறீர்கள். நான் பயந்தாங்கொள்ளி, ஐயா, கொலைகாரன் இல்லை. ஆபத்து என்று தெரிந்துவிட்டால் ஓர் உயிரை அரை நாள்கூட அந்தக் கருவியை நம்பி விட்டுவைக்க மாட்டேன். வேண்டுமானால் என் தம்பியைக் கேட்டுப் பாருங்கள்.